ஏர் பம்ப் இல்லாமல் தொட்டியில் கெளுத்தி வளர்க்கலாமா?

முதலில் கேள்வி. கேட்டவரின் கொல்லையில் 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. மாடு வைத்திருந்த காலத்தில் கழுநீருக்குக் கட்டியது. போன மாதம் உள்ளே புதிதாகப் பூசியிருக்கிறார். அதில் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கெளுத்தி வளர்க்க ஆசை. ஏர் பம்ப் போடாமல் முடியுமா, எத்தனை குஞ்சு விடலாம், சாப்பாட்டு மிச்சத்தையே தீனியாகப் போடலாமா என்று கேட்கிறார். கூடவே, "ஆப்பிரிக்கன் குஞ்சு, ஆறே மாசத்துல ஒரு கிலோ வரும்" என்று ஒருவர் வண்டியில் கொண்டுவந்து தருகிறாராம், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வாங்காதீர்கள். ஆப்பிரிக்கன் கெளுத்தியை வளர்க்க நம் நாட்டில் தடை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1990களில் வங்கதேசம் வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே வந்த மீன் அது. காற்றைக் குடித்துப் பிழைக்கும், ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும், வாயில் அடங்குவது எதையும் தின்னும். தொட்டியில்தானே வளர்க்கப்போகிறோம் என்று தோன்றும். ஐப்பசி மழையில் உங்கள் தொட்டி ஒரு நாள் வழிந்தால் போதும், அது வாய்க்காலுக்கும் அங்கிருந்து ஏரிக்கும் போய்விடும். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள் புகுந்துகொண்ட இந்த மீனைப் பிடித்து அப்புறப்படுத்துவதே அங்கே தனி வேலையாகிவிட்டது. ஒரு சிறு தொட்டிக்காக அந்த வம்பு உங்களுக்கு எதற்கு?

அப்படியானால் எந்த மீன்? கெளுத்தி இனத்தில் சின்னத் தொட்டிக்கு என் பரிந்துரை தேளி. கருஞ்சிவப்பு நிறம், தட்டையான தலை, நாலு ஜோடி மீசை, விரல் போல ஒல்லியான உடம்பு. வட இந்தியாவில் சிங்கி என்பார்கள். அடுத்தது நாட்டு மாகுர். பீகார் தன் மாநில மீனாகவே வைத்திருப்பது இதைத்தான். ஆனால் மாகுர் குஞ்சு என்ற பெயரில் ஆப்பிரிக்கனைத் தள்ளிவிடும் வியாபாரம் பரவலாக நடக்கிறது. குஞ்சாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பழகினவர்களுக்கே சிரமம். வளர்ந்த பிறகு ஆப்பிரிக்கனின் விலாவில் சலவைக்கல் போல சாம்பலும் கறுப்புமாகத் திட்டுகள் தெரியும், எடையும் மளமளவென்று ஏறும். அப்போது தெரிந்து என்ன பயன்?

தேளியில் இந்தக் குழப்பம் கிடையாது. குஞ்சை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு விட்டு முதுகைப் பாருங்கள். தேளிக்கு முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னக் கொத்தாக நின்றுவிடும், அதற்குப் பிறகு வால் வரை முதுகு மொழுமொழுவென்று இருக்கும். மாகுர், ஆப்பிரிக்கன் இரண்டுக்கும் அந்தத் துடுப்பு முதுகு நெடுக ஓடி வால் பக்கம்தான் முடியும். விற்கிறவர் எந்தப் பெயர் சொன்னாலும், முதுகில் நீளத் துடுப்பு இருந்தால் அது தேளி இல்லை. சில ஊர்களில் ஆப்பிரிக்கனையும் தேளி என்றே சொல்கிறார்கள் என்பதால், பெயரை விட்டுத் துடுப்பை மட்டும் நம்புங்கள். குஞ்சுக்கு உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குப் பல மாவட்டங்களில் நிலையங்கள் உண்டு, அங்கும் விசாரிக்கலாம்.

சரி, ஏர் பம்ப். மீன் மூச்சு விடுவதற்கு என்றால் வேண்டாம். தேளிக்குச் செவுளோடு சேர்த்து, தலையிலிருந்து முதுகுச் சதைக்குள் நீளமாக ஓடும் இரண்டு காற்றுப் பைகள் உண்டு. மாகுருக்குச் செவுளுக்கு மேலே செடி கிளைத்த மாதிரி ஓர் உறுப்பு. சாயங்காலம் தொட்டியோரம் சத்தம் போடாமல் உட்கார்ந்து பாருங்கள். அடியில் படுத்திருக்கும் மீன் விருட்டென்று நேராக மேலே வரும், வாயை மட்டும் வெளியே நீட்டி 'ப்ளக்' என்று ஒரு மடக்குக் காற்றை எடுக்கும், திரும்பிக் கீழே போகும்போது செவுள் ஓரமாக இரண்டு குமிழி கழன்று மேலே வரும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அடுத்தது, அதற்கடுத்தது என்று தொட்டி முழுக்க இந்த ப்ளக் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே வர விடாமல் வலையை நீருக்குள் இறக்கிக் கட்டினால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

இதனால்தான் ஆழம் கூடாது. ஒவ்வொரு மடக்குக்கும் மேலே ஏறி இறங்குவது அதற்கு ஒரு வேலை. விரல் நீளக் குஞ்சுக்கு 3 அடி ஆழம் என்பது நமக்கு மாடிப்படி மாதிரி. தின்ற தீனியெல்லாம் படியேறுவதிலேயே போய்விடும். முதல் ஒரு மாதம் ஓரடித் தண்ணீர் போதும், அப்புறம் இரண்டடி. மேல் ஓரடி காலியாகவே இருக்கட்டும், காரணம் பின்னால் சொல்கிறேன். உங்கள் தொட்டியில் இரண்டடித் தண்ணீர் நிறுத்தினால் 36 கன அடி, அதாவது ஏறக்குறைய 1000 லிட்டர். இனி எல்லாக் கணக்கும் இந்த ஆயிரத்தை வைத்துத்தான்.

ஏர் பம்ப் இல்லாமலே தேளி பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: முந்நூறு குஞ்சை விட்டுவிடுகிறார்கள். கட்லா, ரோகு என்றால் தண்ணீர் கெட ஆரம்பித்ததுமே விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து முறையிடும். தேளி முறையிடாது, கெட்ட தண்ணீரிலும் நாள்கணக்கில் தாக்குப்பிடித்துவிட்டு ஒரே இரவில் மொத்தமாகப் போகும். மூச்சுக்கு வழி இருந்தாலும் அது தன் கழிவோடு தன் தண்ணீரிலேயே குடியிருக்கிறது. தொட்டி எத்தனை மீனைத் தாங்கும் என்பதை அந்தக் கழிவுதான் முடிவு செய்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 30 மீன், ஒவ்வொன்றும் 100 கிராம், மொத்தம் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் 2 சதவீதம் தீனி என்றால் நாளுக்கு 60 கிராம். மீன் தீனி ஒரு கிலோவுக்கு மீன் கழிவு வழியாக ஏறக்குறைய 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் (அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடை) தண்ணீரில் கலக்கும் என்பது பண்ணைக்காரர்களின் கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 60 கிராமுக்கு 1.8 கிராம். ஆயிரம் லிட்டரில் அது லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், ஒரே நாளில். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றினாலும், வேறு எதுவும் உதவாவிட்டால் அளவு ஏறி ஏறி 7 மில்லிகிராமில் போய் நிற்கும்.

அந்த 7 எவ்வளவு மோசம் என்பதைத் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) சொல்லும். நம் ஊர் வெப்பத்தில் பிஎச் 7.5 என்றால் அதில் 2, 3 சதவீதம்தான் செவுளை எரிக்கும் வகை அம்மோனியா. 8.5 ஆகிவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு அந்த வகையாகிவிடும். பாசி பிடித்துப் பச்சையான தொட்டியில் மத்தியான வெயிலில் பிஎச் சர்ரென்று ஏறும். காலையில் அளந்து பார்த்து நிம்மதியாக இருப்பவர் சாயங்காலம் மீன் மிதப்பதைப் பார்ப்பது இதனால்தான். அளந்தால் மாலை மூன்று நான்கு மணிக்கு அளங்கள். வண்ணமீன் கடைகளில் அம்மோனியா, பிஎச் இரண்டுக்கும் சொட்டு மருந்து டப்பா கிடைக்கும். ஏர் பம்ப்புக்கு ஒதுக்கிய காசில் முதலில் அதை வாங்கிவிடுங்கள்.

இப்போது பம்ப் விஷயத்தில் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன். அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கி, அதையும் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் தொட்டிச் சுவரிலும் கல்லிலும் தானாகவே குடியேறும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அவற்றுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆக, தண்ணீரில் காற்றைக் கலப்பது மீனுக்கு வேண்டாம், பாக்டீரியாவுக்கு வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றில் அடியில் ஓட்டை போட்டு, கழுவிய ஜல்லி, பழைய நைலான் வலை, பாட்டில் மூடிகள் என்று நிரப்பித் தொட்டி விளிம்பில் உட்கார வையுங்கள். ஏர் கூலரில் போடுகிற சின்ன பம்ப் ஒன்று தண்ணீரை வாளிக்கு ஏற்றட்டும். அது ஜல்லி வழியாக ஒழுகித் தொட்டிக்கே திரும்பி விழும். விழும்போது காற்றும் கலக்கும். கரண்ட் போனால் சில மணி நேரத்துக்கு மீனுக்கு ஒன்றும் ஆகாது. மின்வெட்டு உள்ள ஊருக்குத் தேளி பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த பாக்டீரியாப் படலம் ஊறி வேலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தீனியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வாளியைக் கழுவுவதானால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் வளர்த்த பாக்டீரியா அத்தனையும் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

புதுப்பூச்சைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறந்தால் மற்றதெல்லாம் வீண். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும், பிஎச் 10ஐயும் தாண்டும். தண்ணீரை நிரப்பி, வாழை மட்டையை வெட்டிப் போட்டு நாலைந்து நாள் ஊறவிட்டு வடித்துவிடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்யுங்கள். கடைசியாக நிரப்பிய தண்ணீரில் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பிஎச் 8.5க்குக் கீழே நிற்க வேண்டும். அவசரப்பட்டால் குஞ்சுகள் தொட்டியில் விட்ட முதல் நாளே சுருண்டுவிடும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாயகன்ற டிரம்மில் வெயிலில் வைத்து ஊற்றுங்கள். போர் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிட்டால் போதும்.

எத்தனை குஞ்சு என்பதற்கு விடை மேலே கணக்கிலேயே வந்துவிட்டது. முதல் தடவை 40 விடுங்கள், 30 தேறும். மிச்சம் பத்து எங்கே போகும் என்றால், கூடப்பிறந்தவர்களின் வயிற்றுக்குள். கெளுத்தி இனத்தில் பெரியது சின்னதைத் தின்பது சர்வசாதாரணம். எல்லாம் ஒரே அளவாகப் பார்த்து எடுங்கள், மூன்று நான்கு அங்குலத்துக்குக் குறையாமல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கைவலையால் அள்ளி, மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரிகிற ரவுடிகளை மட்டும் தனி டிரம்மில் போடுங்கள். ஒளிய இடம் கொடுத்தால் சண்டை குறையும். உடைந்த ஓடு, ஓரடி நீள பிவிசி குழாய்த் துண்டுகள், வாய் உடைந்த மண்பானை எதுவும் ஆகும். தொட்டியில் பாதிக்குக் கீற்றுப் பந்தல் போடுங்கள். வெயில் இந்த மீனுக்குப் பிடிக்காது, பாசியும் அடங்கும்.

தீனிக்கு வருவோம். மிதக்கும் மீன் தீனி, புரதம் 30 சதவீதத்துக்குக் குறையாதது, குஞ்சின் வாய்க்கு அடங்கும் அளவில் வாங்குங்கள். இது இருட்டில் இரை தேடும் மீன் என்பதால் பெரிய பங்கைப் பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள், கொஞ்சம் விடியற்காலையில். பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் சரியான அளவு. மிதந்துகொண்டிருந்தால் வலையால் எடுத்துவிடுங்கள். கடைத் தீனி வேண்டாம் என்றால் கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சம அளவு, அதில் கால் பங்கு கருவாட்டுத் தூள் சேர்த்து வேகவைத்துப் பிசைந்து உருண்டையாக ஒரு தட்டில் வைத்து இறக்கலாம். மண்புழு, கரையான் கிடைத்தால் அதற்கு அன்று தீபாவளி.

சாப்பாட்டு மிச்சம் வேண்டவே வேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வீட்டில் ஒரு விசேஷம் முடிந்து அரைக் குண்டான் பிரிஞ்சி மிஞ்சியது. மாட்டுக்கும் கொடுக்க முடியாது, கொட்டவும் மனசில்லை, தொட்டியில் ரெண்டு கரண்டி போட்டேன். மீன் பாய்ந்து பாய்ந்து தின்றது. அந்த அழகில் இன்னும் நாலு கரண்டி. மறுநாள் காலை தண்ணீர் மேல் எண்ணெய் ஆடை போலப் படர்ந்திருந்தது, அடியில் சோறு பால் நிறமாகக் கரைந்து நாற்றம். மீன்களெல்லாம் வால் கீழே, வாய் மேலே என்று செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கையால் தொட்டால்கூட விலகவில்லை. பாதித் தண்ணீரை உடனே மாற்றியும் சாயங்காலத்துக்குள் பதினேழு போயின. கறிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களும் உண்டு. உங்கள் தெருவில் உங்களுக்கு நல்ல பெயர் இருக்க வேண்டுமானால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

செங்குத்தாகத் தொங்குவதைப் பார்த்தால் மருந்துக்கு ஓடாதீர்கள். தீனியை நிறுத்துங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அளந்து பாருங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் கல்லுப்பு கைகொடுக்கும்: ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ, கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கிறது. செதில் இல்லாத மீன் என்பதால் மருந்து எதுவும் தோலில் சுருக்கென்று ஏறும். கடைக்காரர் தருகிற பச்சை மருந்து, நீல மருந்தெல்லாம் தின்னும் மீனுக்கு ஆகாது. வடிக்கிற தண்ணீரைக் கீரைப் பாத்திக்கும் தென்னைக்கும் விடுங்கள், செழிப்பாக வரும். உப்புப் போட்ட வாரம் மட்டும் வாழைக்கு வேண்டாம். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன விடுகிறார்களே, டேங்க் க்ளீனர் என்ற கறுப்பு மீன், அதையும் உள்ளே விடாதீர்கள். அது மீன் கழிவைச் சுத்தம் செய்யாது, தன் கழிவையும் சேர்க்கும்.

மேல் ஓரடி காலியாக இருக்கட்டும் என்றேன் அல்லவா? ஒரு கார்த்திகை மழை இரவு, ஓட்டுத் தாழ்வாரத்துத் தண்ணீர் குழாய் வழியாக நேரே என் தொட்டிக்குள் விழுந்திருக்கிறது. தேளிக்கு வெளியிலிருந்து விழும் தண்ணீர் என்றால் புறப்படு என்று உத்தரவு வந்த மாதிரி. மழைக்கால வெள்ளத்தில் வயலுக்கு ஏறிப் பழகிய மீன். விடிகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை "பாம்பு, பாம்பு" என்று கத்திய சத்தத்தில் எழுந்து ஓடினேன். அவர் வாசல் கோலத்தைக் குறுக்காக அழித்துக்கொண்டு மூன்று தேளிகள் நெளிந்துபோய்க்கொண்டிருந்தன. அன்றைக்கே கொசுவலைத் துணியை மரச்சட்டத்தில் அடித்து மூடி செய்துவிட்டேன். மீன்கொத்திக்கும் கொக்குக்கும் பூனைக்கும் அதே மூடிதான் பதில். குழந்தைகள் உள்ள வீடு என்றால் மூடி இன்னும் உறுதியாகவே இருக்கட்டும்.

தேளியைக் கையால் பிடிக்காதீர்கள். செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள், விஷ முள். சின்ன வயசில் வாய்க்கால் சேற்றைத் துழாவிக் கட்டைவிரலில் வாங்கியிருக்கிறேன். முதலில் முள் குத்திய மாதிரிதான் இருந்தது. பத்து எண்ணுவதற்குள் முழங்கை வரை விண்விண்ணென்று தெறித்தது, அன்று இரவு தூக்கம் இல்லை. குத்திவிட்டால் கை பொறுக்கிற அளவு வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி அடங்கும். கொப்பளிக்கிற சூடு வேண்டாம். முள் ஒடிந்து உள்ளே இருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள், டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியில் எப்போதும் கைவலைதான், வலைக்குக் கீழே கை போகக் கூடாது.

தொட்டியிலேயே குஞ்சு பொரிக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வீட்டுத் தொட்டியில் அதை எதிர்பார்க்காதீர்கள். மழைநீர் ஏறிய வயல், புல் மறைவு என்று அதற்குச் சில சடங்குகள் உண்டு. பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கிறார்கள். மாகுர் ஆணுக்கு விந்து பிதுக்கினாலும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நாட்டு இனக் குஞ்சு எளிதில் கிடைக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டு பத்து மாதத்தில் 80, 100 கிராம் வரும். கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியும் என்று நினைக்காதீர்கள், முதல் வருடம் கண்டிப்பாக முடியாது. மூன்று கிலோ மீனுக்கு ஐந்தாறு கிலோ தீனி போயிருக்கும், கொண்டுபோன தண்ணீர் தனி. ஆனால் வங்காளிகள் நோயில் எழுந்தவருக்கு சிங்கி ரசக்குழம்பு வைத்துக் கொடுப்பதன் அருமை, உயிரோடு பிடித்த தேளியைக் குழம்பாக்கிச் சாப்பிட்டால்தான் தெரியும்.

சமைப்பதற்கு முன் மூன்று நாள் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீரில் தீனி இல்லாமல் விடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மண் வாடை பெரும்பாலும் போய்விடும். பிறகு உப்பை அள்ளிப் போட்டு மூடி வைத்தால் சற்று நேரத்தில் அடங்கும்; அதைப் பார்க்க மனம் வராதவர்கள் ஐஸ் தண்ணீரில் போடுங்கள். முதல் வேலையாகக் கட்டிங் பிளேயரால் அந்த இரண்டு முள்ளையும் அடியோடு ஒடித்துவிடுங்கள், செத்த மீனின் முள்ளும் குத்தும். அப்புறம் அடுப்புச் சாம்பலோ புளியும் கல்லுப்புமோ போட்டுக் கரடுமுரடான கல்லில் தேயுங்கள், வழவழப்பு போய்த் தோல் வெளிறும் வரை. மீதி வேலை குழம்புச் சட்டியுடையது.